முட்டிக்கு ஒரு மணை

கையை எடுங்கள் அக்கா. கோபித்துக்கொள்ளாதீர்கள், அமுக்கினால் பள்ளம் விழுந்துவிடும். கேக் இல்லை இது. இவ்வளவு கறுப்பாக, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி எந்த ஊரில் கேக் செய்கிறார்கள்? கண்டக்டரும் நான் ஏறியதிலிருந்து இதையேதான் பார்க்கிறார். லக்கேஜ் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார் போலிருக்கிறது.

அக்கா என்று கூப்பிடலாம்தானே? ஆன்ட்டி என்றால் சிலருக்கு முகம் மாறிவிடுகிறது.

இது மணை. கல்யாணத்தில் மாப்பிள்ளை உட்கார மணை போடுவார்கள் இல்லையா, அது மாதிரி என் வலது முட்டி உட்காருவதற்கு இந்த மணை. நீங்கள் ஏறினதிலிருந்து உங்கள் முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன். மற்றபடி நான் அவ்வளவாகப் பேசுகிற ஆள் இல்லை.

அந்த ஓரத்து சீட்டில் இருக்கும் பை என்னுடையதுதான். எடுக்கச் சொல்லாதீர்கள். பனையூர்க் கூட்ரோட்டில் ஒருத்தி ஏறுவாள். ஆள் வருகிறது என்று இதுவரை நாலு பேரிடம் சண்டை போட்டாகிவிட்டது. சிநேகிதியா என்றால் இல்லை. அவளும் நானும் ஒரே படகு, அவ்வளவுதான்.

கனோ என்று ஒரு படகு. பார்த்திருக்க மாட்டீர்கள். ஒல்லியாக, நீளமாக, புடலங்காயை இரண்டாகப் பிளந்த மாதிரி இருக்கும். அதில் உட்காரக் கூடாது, முட்டி போட வேண்டும். ஒரு முட்டி கீழே, இன்னொரு காலை முன்னால் ஊன்றி, ஒரே பக்கமாகத் துடுப்புப் போட வேண்டும். நான் வலது பக்கம் போடுகிறவள், அதனால் வலது முட்டி. ஏறிப் பார்த்தால்தான் தெரியும் அது என்ன கொழுப்பெடுத்த படகு என்று. மூச்சை வேகமாக விட்டாலே கவிழும். முதல் நாள் எல்லாரும் தண்ணீரில்தான் கிடப்பார்கள்.

நான் மட்டும் விழவில்லை.

போன ஐப்பசியில் நல்ல மழை. எங்கள் ஊர் ஏரி, தண்ணீர் வழிகிற கடைவாசல் வரைக்கும் நிரம்பிவிட்டது. அப்பாவுடைய குட்டி யானையைக் கழுவ நானும் அப்பாவும் போயிருந்தோம். குட்டி யானை என்றால் வண்டி அக்கா, லோடு வண்டி. அங்கே சேவியர் சார் இரண்டு பழைய படகை இறக்கி வைத்துக்கொண்டு, வருகிற போகிற பிள்ளைகளை எல்லாம் ஏறு ஏறு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பட்டாளத்தில் இருக்கும்போது படகுப் போட்டிக்குப் போனவர். ஏறின பையன்கள் எல்லாம் தொப்பு தொப்பென்று விழுந்தார்கள். நான் சிரித்தேன். சத்தமாகத்தான் சிரித்தேன். "சிரிக்கிற இல்ல, நீ ஏறு வா" என்றார். ஏறினேன். முட்டி போட்டேன். அப்படியே இருந்தேன், அரை மணி நேரம். படகு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடிப் பார்த்தது, அப்புறம் அதற்கே அலுத்துவிட்டது.

"எங்கம்மா பழகுன?" என்று கேட்டார் சார்.

"ஸ்கூல்ல சார்."

"எந்த ஸ்கூல்ல கனோ இருக்கு?"

"கனோ இல்ல சார். முட்டி போடறது இருக்கு."

அவர் சிரித்தார். நான் தமாஷுக்குச் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்புப் பாதி வரைக்கும், நான் வகுப்புக்குள்ளே உட்கார்ந்திருந்த நேரத்தைவிட வராந்தாவில் முட்டி போட்டிருந்த நேரம்தான் அதிகம். அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது அல்லவா, அதனால் முட்டி போடு, கையைத் தூக்கு. வளர்மதி மிஸ்ஸுக்கு என்னைப் பார்த்தாலே அந்த இரண்டு வார்த்தைதான் வரும். கணக்கு மிஸ்.

முட்டி போடுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது அக்கா. முதலில் தரையைக் கையால் துடைக்க வேண்டும். ஒரு சின்னக் கல் இருந்தாலும் பத்து நிமிடத்தில் அது எலும்புக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சுடிதார் பேன்ட்டை மேலே இழுத்து முட்டிக்குக் கீழே இரண்டு மடிப்பாக விட்டுக்கொள்ள வேண்டும். மிஸ் பார்க்காத நேரம் ஷாலையும் சேர்த்து வைக்கலாம். கால் விரலை மடக்கி ஊன்றினால் விரல் வலிக்கும், நீட்டி வைத்தால் கணுக்கால் வலிக்கும், இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஆனால் அசையக் கூடாது. அசைந்தது தெரிந்தால் இன்னும் பத்து நிமிடம். குதிகால் மேலே உட்கார்ந்துவிட்டால் பீரியட் முழுக்க. அதனால் அசையாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். பல்லி மாதிரி இருப்பேன்.

என்னை முட்டி போட வைத்தது மிஸ் இல்லை, சொல்லப்போனால். ஹேமப்பிரியா.

எங்கள் வகுப்பு லீடர். ஆறாம் வகுப்பிலிருந்து அவள்தான் லீடர். மிஸ் வெளியே போனால் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டில் எழுத ஆரம்பித்துவிடுவாள். "பேசியவர்கள்" என்று தலைப்பு, அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டைக்கூட ஸ்கேல் வைத்துத்தான் போடுவாள். முதல் பேர் என் பேர். மோனிஷா. இன்னும் பேசினால் பக்கத்தில் "அதிகம்." அப்புறம் "மிக அதிகம்." அப்புறம் "மிக மிக அதிகம்." மற்றவர்களுக்கு எல்லாம் அதிகத்தோடு சரி. எனக்கு மட்டும்தான் மூன்றாவது படி. அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

நான் பேசுகிற ஆளே இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அவள் வேண்டுமென்றேதான் எழுதினாள்.

பதினொன்றில் அரையாண்டோடு நான் நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை. வீட்டில் கஷ்டம் என்றெல்லாம் கதை விட மாட்டேன். படிப்பு ஏறவில்லை, எனக்கும் அதுக்கும் ஆகவில்லை, வந்துவிட்டேன். அம்மா ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று தரையில் வைத்தாள், அப்புறம் சரியாகிவிட்டாள். ஆனால் ஒரு கெடு போட்டாள். அம்மாவுடைய சித்தி மகள் சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் சூப்பர்வைசராக இருக்கிறாள். "இந்தப் படகு கிடகு எல்லாம் ஜூன் ஒண்ணாந்தேதி வரைக்கும்தான். அதுல ஏதாவது வந்தா வரட்டும். இல்லன்னா ரெண்டாந்தேதி பஸ் ஏறிடணும், சொல்லிட்டேன்." காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நின்றுகொண்டு சேலையைப் பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். நிற்பது எனக்கு வராது அக்கா. முட்டி போடுவதுதான் வரும்.

சார் சொன்னார், மே மாதக் கடைசியில் மாநில செலக்ஷன், ஒரு அணையில் நடக்கிறது, முதல் இரண்டு படகுக்கு கேம்ப்பில் இடம், ஹாஸ்டல், சாப்பாடு, நல்ல படகு எல்லாம் உண்டு என்று. தனியாகப் போகிற போட்டியில் நிறையப் பெரிய ஆட்கள் வருவார்கள், இரண்டு பேர் ஓட்டுகிற படகு என்றால் நமக்கு வாய்ப்பு இருக்கிறது என்றார். எனக்கு ஒரு ஜோடி வேண்டும். இடது பக்கம் போடுகிற ஆள்.

ஏப்ரலில் பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் ஒருத்தி வந்தாள். தலையை இரட்டைச் சடையாகப் பின்னி, சைக்கிளை நிறுத்திப் பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்து. தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. ஊரில் வேறு யாரும் பூட்டை இழுத்துப் பார்க்க மாட்டார்கள்.

"ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டு கெடைக்கும்னாங்க சார்" என்றாள்.

"லெஃப்டா ரைட்டா?" என்றார் சார்.

"எழுதறது லெஃப்ட்ல சார்."

அதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்திருக்கும்! அந்தக் கைதான் அக்கா. எல்லாம் எழுதின கை.

அவளை எனக்குப் பின்னால் போட்டார் சார். பின்னால் இருக்கிறவள்தான் படகைத் திருப்ப வேண்டும். ஸ்கூலிலும் இதே ஏற்பாடுதான், நான் முட்டி போட்டிருப்பேன், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரே வித்தியாசம், இங்கே அவளும் முட்டி போட வேண்டும்.

அவளுக்கு வரவில்லை! பன்னிரண்டு வருஷம் ஸ்கூலுக்குப் போனவள், ஒரு நாள்கூட முட்டி போட்டதில்லை. முட்டி இரண்டும் முகம் மாதிரி இருந்தது, அவ்வளவு வழவழப்பு. என்னுடையது காய்ப்புக் காய்த்து ஒட்டகத்துடையது மாதிரி இருக்கும். ஐந்தாவது நிமிடம் முனகினாள். பத்தாவது நிமிடம் "மோனி, ஒரு நிமிஷம்" என்று எழுந்திருக்கப் பார்த்தாள், படகு கவிழ்ந்தது. இரண்டு பேரும் தண்ணீருக்குள். சேற்றுத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே, "என்னைய மோனின்னு கூப்பிடாத" என்றேன்.

சார் உதவினாரா என்று கேட்காதீர்கள். அவர் பட்டாளத்தில் ஓட்டினது கயாக். அது உட்கார்ந்து ஓட்டுவது. முட்டியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. "போகப் போகப் பழகிடும்மா" என்பார், கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு.

அதனால் நான் பழக்கினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. மறுநாள் சார் வருவதற்கு முன்னால் அவளை ஏரிக்கரையில், கப்பி கொட்டிக் கிடக்கிற இடமாகப் பார்த்து, "இங்க முட்டி போடு" என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம். கையத் தூக்கு."

"கை எதுக்கு?"

"தோளுக்குப் பயிற்சி."

போட்டாள். நான் எதிரே கல்லில் உட்கார்ந்து மாங்காய் தின்றேன். அசைந்தால் இன்னும் பத்து நிமிடம் என்றேன். அவள் அசைந்தாள், நான் பத்து நிமிடம் கூட்டினேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! ஆறு வருஷக் கடன் தீர்ந்த மாதிரி. அடுத்த நாளும் போட்டாள். அதற்கடுத்த நாளும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அதுதான் கொஞ்சம் சப்பென்று இருந்தது. நானாக இருந்தால் எத்தனை பேசியிருப்பேன்.

நாலாம் நாள் அவளுக்கு இடது முட்டி பன்னு மாதிரி வீங்கிவிட்டது. சார் பார்த்துவிட்டார். அவருக்குக் கோபமே வராது, அன்றைக்கு வந்தது.

"இது படகுல வந்த வீக்கம் இல்ல. கல்லு குத்தியிருக்கு. கப்பியில யாரு முட்டி போடச் சொன்னது?"

நான் தயாராகிவிட்டேன். லீடர் வாயைத் திறக்கப் போகிறாள், பேரைச் சொல்லப் போகிறாள், சார் என்னைத் துரத்தப் போகிறார், ரெண்டாந்தேதி பஸ். எல்லாம் ஒரு நொடியில் கண் முன்னால் வந்துவிட்டது, சேலை அடுக்கு உட்பட.

"நானாத்தான் சார் போட்டேன். சீக்கிரம் பழகணும்னு" என்றாள் ஹேமா.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. சார் போனதும் கேட்டேன், "ஏன் சொல்லல? நீதான் சொல்றதுல ஃபர்ஸ்ட்டாச்சே?"

அவள் முட்டியில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள், "ஆறு வருஷமா ஒன் பேர எழுதி எழுதியே கை ஓஞ்சுபோச்சுடி. போதும்."

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. குழம்பில் உப்பு அதிகம், வேறு ஒன்றுமில்லை.

மறுநாள் அவளுக்கு ஒரு மணை செய்தேன். அவளுக்காக இல்லை, படகுக்காக. அவள் வலியில் நெளிந்தால் படகு நெளியும், படகு நெளிந்தால் நான் ஜவுளிக்கடைக்குப் போக வேண்டும். கணக்குதானே?

வெயில் ஏற ஏற ஏரி உள்வாங்கிக்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் குழைந்த களிமண். அதில் அவளைப் படகில் போடுகிற மாதிரியே முட்டி போட்டு எழுந்திருக்கச் சொன்னேன். முட்டி, முழங்காலுக்குக் கீழே கால் எலும்பு, பாதம், விரல், எல்லாம் அச்சு அச்சாக விழுந்திருந்தது. அப்போதுதான் ஒன்று கவனித்தேன் அக்கா. முட்டி மட்டும் நாலு விரல் ஆழம் போயிருக்கிறது. மற்றது எல்லாம் மண்ணைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. பாரம் முழுக்க அந்த ஒரு உருண்டை எலும்பு மேலேதான். பாவம் அது என்ன செய்யும்?

செருப்பு தைக்கிற கடையில் அடியில் போடுகிற கறுப்பு ஷீட் விற்பார்கள். மெத்தை மாதிரி அமுங்காது, கல் மாதிரியும் இருக்காது. ஏழெட்டுத் துண்டு வாங்கி, செருப்புப் பசையாலேயே ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, ஆக்சா பிளேடை அடுப்பில் காய்ச்சி அறுத்தேன். வீடு முழுக்க ரப்பர் நாற்றம். "பொணம் எரிக்கிற மாதிரி நாறுதுடி" என்றாள் அம்மா.

முதலில் செய்தது குப்பை. மண்ணில் எவ்வளவு பள்ளமோ அவ்வளவு பள்ளமாக, கிண்ணம் மாதிரி குடைந்துவிட்டேன். அவள் முட்டி அதில் போய் கச்சிதமாக மாட்டிக்கொண்டது. தண்ணீர் வேறு தேங்கியது. படகு கவிழ்ந்தபோது மணை கழன்று வந்துவிட்டது. தண்ணீரிலிருந்து எழுந்து நிற்கிறாள், முட்டியில் கிண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சார் நாற்காலியிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

இரண்டாவதில் பிடிபட்டது. பள்ளம் கொஞ்சம்தான் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, பின்னால் கால் எலும்பு படுகிற இடத்தை உயர்த்த வேண்டும். பாரத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். முட்டிக்கு ஒரு பங்கு, கால் எலும்புக்கு ஒரு பங்கு, பின் பாதத்து விரலுக்கு ஒரு பங்கு, மீதியை முன்னால் ஊன்றின கால் வாங்கிக்கொள்ளும். வெளிப்பக்கம் மட்டும் சின்னதாக ஒரு கரை, முட்டி வழுக்காமல் இருக்க. நீங்களும் கோயிலில் கீயிலில் முட்டி போட்டால், கணுக்காலுக்குக் கீழே ஒரு துணியைச் சுருட்டி வைத்துப் பாருங்கள். முட்டிக்குக் கீழே வைத்தால் மட்டும் போதாது. எல்லாரும் அங்கேதான் தப்புப் பண்ணுகிறார்கள்.

ஹேமா அதில் முட்டி போட்டுவிட்டு ஒரு மாதிரி முழித்தாள். "வலிக்கலடி" என்றாள். "என்னமோ பண்ணிருக்க" என்றாள். அன்றைக்கு ஒரு மணி நேரம் ஓட்டினோம். படகு கத்தி மாதிரி போனது.

"ஒனக்கும் ஒண்ணு செஞ்சுக்கோயேன்" என்றாள்.

"எனக்கு எதுக்கு?" என்றேன். நான் வெறும் பலகையில் சாக்கு மடித்துப் போட்டு முட்டி போடுகிறவள். ஆறு வருஷ சர்வீஸ். மணை எல்லாம் லீடர்களுக்கு.

சரி, செலக்ஷனுக்கு வருகிறேன்.

அணையில் ஒன்பது படகு. ஐந்நூறு மீட்டர். எங்களுடையதுதான் முதல் ரேஸ். சரியாகப் பத்து மணிக்கு எல்லாப் படகையும் கோட்டில் நிற்க வைத்துவிட்டார்கள். முட்டி போட்டு, துடுப்பைப் பிடித்து, ரெடி. அப்போது மைக்கில் சொல்கிறார்கள், "சிறப்பு விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார். அவர் கொடியசைத்தவுடன் போட்டி தொடங்கும். வீராங்கனைகள் வரிசை கலையாமல் அப்படியே இருக்கவும்." மேலே ஒரு டிரோன் கேமரா வேறு ங்ஙீ என்று சுற்றுகிறது. வரிசை அழகாக இருக்கிறதாம்.

பத்து நிமிடம் ஆயிற்று. "இன்னும் ஐந்தே நிமிடத்தில்" என்றார்கள். இருபது ஆயிற்று. "நுழைவாயிலை நெருங்கிவிட்டார்" என்றார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. பக்கத்துப் படகுகளில் பெண்கள் நெளிகிறார்கள், ஐயோ அம்மா என்கிறார்கள். ஒரு படகு கவிழ்ந்தது. அவர்களைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு உள்ளுக்குள்ளே ஒரே குதூகலம். முட்டி போடுகிற போட்டி என்றால் தமிழ்நாட்டில் என்னை யார் ஜெயிப்பது? நான் பல்லி மாதிரி அசையாமல் இருந்தேன். இன்னொரு படகு கவிழ்ந்தது. இன்னும் வரட்டும், மெதுவாக வரட்டும் அந்த விருந்தினர் என்று வேண்டிக்கொண்டேன்.

முப்பது நிமிடத்துக்கு மேல் ஒரு கட்டத்தில் எனக்கு வலி நின்றுவிட்டது. பார்த்தாயா, உடம்பே ஒத்துக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் வலது கால் விரலை அசைக்கலாம் என்று பார்த்தால், விரலைக் காணோம். கணுக்காலைக் காணோம். முட்டிக்குக் கீழே ஒன்றுமே இல்லை, யாரோ வெட்டி எடுத்துக்கொண்டு போன மாதிரி. ஸ்கூலில் இரண்டு முட்டி இருந்தது அக்கா. இங்கே ஒன்றுதான். அதை நான் யோசிக்கவே இல்லை. பயிற்சியில் துடுப்புப் போடும்போது உடம்பு ஆடிக்கொண்டே இருக்கும், ரத்தம் ஓடும். அசையாமல் இருப்பதைத்தான் நான் பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலை உதைத்துத்தான் படகைத் தள்ள வேண்டும். கால் இல்லாமல் எங்கே தள்ளுவது?

"மோனி" என்றாள் பின்னாலிருந்து. "ஒன் குதிகால் நீலமா இருக்கு."

"ஒண்ணும் இல்ல."

"கால் மரத்துப்போச்சா?"

"அதெல்லாம் இல்லன்னு சொல்றேன்ல."

"குதிகால் மேல உக்காரு. நான் துடுப்பத் தண்ணில படுக்கவெச்சுப் புடிச்சுக்கறேன், படகு ஆடாது. உக்காந்து கால தேச்சுவிடு."

முடியவில்லை அக்கா. நம்புவீர்களோ என்னவோ, உட்காரத் தெரியவில்லை எனக்கு. குதிகால் மேலே உட்கார்ந்தால் பீரியட் முழுக்க, அது உடம்பில் ஊறிவிட்டது. கோட்டில் அம்பயர் படகில் நிற்கிற ஆள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்களையே பார்க்கிற மாதிரி இருந்தது. முதுகு தானாக விறைத்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வேறு. வெயில்தான்.

பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள், என் காதுக்கு மட்டும்.

"உக்காருடி. நான் எழுத மாட்டேன்."

உட்கார்ந்தேன்.

அவள் துடுப்பைப் படுக்க வைத்துத் தண்ணீரை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள், நான் காலைத் தேய்த்தேன், பிசைந்தேன், கிள்ளினேன். அப்புறம் அந்த ஊசி குத்தல் ஆரம்பித்தது. ஆயிரம் எறும்பு. கத்தினேன். "கத்து கத்து, கால் வந்திடுச்சு" என்றாள். விரல் வந்தது, கணுக்கால் வந்தது. நான் எழுந்து முட்டியை மறுபடி வைக்கிறேன், கரையில் வேட்டுச் சத்தம், மாலை, கொடி. நாற்பத்திரண்டு நிமிடம். மைக்கில் ரெடி என்றார்கள்.

அந்த ஐந்நூறு மீட்டரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு நிமிடச் சொச்சம். ஏழு படகில் ஐந்து படகுக்கு முட்டி போய்விட்டிருந்தது, வளைந்து வளைந்து போனார்கள். எனக்கும் முதல் நூறு மீட்டர் பாதி கால்தான். பின்னால் அவள் தள்ளின தள்ளு அப்படி. மணையில் உட்கார்ந்த மகராணி, அவளுக்கு என்ன, முட்டி பூ மாதிரி இருந்திருக்கும். "மோனி, போடு, போடு, போடு" என்று கத்திக்கொண்டே வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பேசிக்கொண்டே இருந்தாள், நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவதாக வந்தோம். மூன்றாவது படகுக்கும் எங்களுக்கும் ஒரு சாண். டிரோன் படத்தில் பார்த்துத்தான் சொன்னார்கள். அதுவாவது உபயோகப்பட்டது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னால் அம்மா நம்பவில்லை. "முட்டி போடறதுக்கு ஹாஸ்டலும் குடுத்து மூணு வேள சோறும் போடுவாங்களா?" என்று கேட்டாள். சார் வந்து சொன்ன பிறகுதான் நம்பினாள். அப்புறம் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். வளர்மதி மிஸ் வீட்டிலும் சொன்னாளாம். மிஸ் ரொம்ப சந்தோஷப்பட்டார்களாம். படாமல் என்ன? பாதிப் பயிற்சி அவர்களுடையது.

இப்போது கேம்ப்புக்குத்தான் போகிறேன். நாங்கள் போகிறோம்.

இந்த மணையா? இது நான் செய்ததில்லை. நான் செய்திருந்தால் இப்படியா இருக்கும்? இது அவள் செய்தது. ஊருக்கு வந்த மறுநாள் என்னைக் களிமண்ணுக்கு இழுத்துக்கொண்டு போய் "முட்டி போடு" என்றாள். நான் தரையைத் துடைக்கப் போனேன், அவள் அதற்குள் கல் பொறுக்கிவிட்டிருந்தாள். ஜாமெட்ரி பாக்ஸை எடுத்தாள் அக்கா! டிவைடர் வைத்து ஆழம் அளந்தாள், கிராஃப் தாளில் படம் போட்டாள். இவ்வளவு கணக்குப் போட்டும் பாருங்கள், இங்கே கோணல், இங்கே ஒரு அங்குலம் உயரம் அதிகம், பிளேடு காய்வதற்குள் அறுத்திருக்கிறாள், ஓரமெல்லாம் எலி கொறித்த மாதிரி. பார்க்கவே சகிக்கவில்லை. நானே இழைத்துச் சரி பண்ணிவிடலாம் என்று பிளேடைக் காய்ச்சினேன். காய்ந்தது. அப்புறம் ஆறவிட்டு எடுத்து வைத்துவிட்டேன். நேரமில்லை.

இதில் பத்து நாள் ஓட்டினேன். கால் ஒரு தடவைகூட மரக்கவில்லை. அது எப்படி என்றுதான் தெரியவில்லை.

அடியில் என்ன எழுத்தா? தொடாமல் பாருங்கள். நானே திருப்பிக் காட்டுகிறேன். வெள்ளை மார்க்கர். அச்சு மாதிரி இருக்கிறதா? "மோனிஷா" என்று போட்டு, ஸ்கேல் வைத்து ஒரு கோடு, பக்கத்தில் "மிக மிக அதிகம்." எழுத மாட்டேன் என்று சொன்ன வாய்தான். லீடர் புத்தி போகுமா?

அதோ, கூட்ரோடு வந்துவிட்டது. இரட்டைச் சடை தெரிகிறதா? பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருப்பாள், பூட்டை இழுத்துப் பார்ப்பாள், பாருங்கள், பார்த்தீர்களா! ஏய் ஹேமா, இங்க, இங்க! அக்கா, அந்தப் பையை மட்டும் இப்படி எடுத்துக் கொடுங்கள்.

ஒரே ஒரு உதவி. வந்து உட்கார்ந்ததும் உங்களிடம்தான் கேட்பாள், இவ எவ்வளவு நேரமா பேசறான்னு. கொஞ்சம்தான் என்று சொல்லிவிடுங்கள்.